டாக்டரைத் தவிர வேறு யாரானாலும்

உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே, "வக்கீல் நிப்பாரா, மாட்டாரா?" என்று கேட்கிறார் ஆல்ட்டரேஷன் அக்கா. புது பேன்டின் கால் மடிப்புக்காக ஸ்டூல் மேல் ஏறி நிற்கும் வங்கி ஊழியர் திருதிருவென்று விழிக்கிறார். அசைந்தால் ஊசி குத்தும், பதில் சொல்லாமல் இறங்கவும் முடியாது. "எந்த வக்கீல்க்கா?" என்கிறார் பாவம். "என்னங்க இது, ஜனாதிபதி தேர்தலுக்கு எதிர்க்கட்சி யாரை நிறுத்தப் போகுதுன்னு ஊரே மண்டையை உடைச்சிக்குது, எந்த வக்கீல்ங்கிறீங்க! பாங்க்ல பேப்பரே வாங்க மாட்டாங்களா?"

அக்காவின் கடை ஒரு பழைய நாலு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. கடை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், சுவரெல்லாம் ஆணிகள், ஆணிகளில் ஊரார் உடுப்புகள். வேகமாக நிமிர்ந்தால் படிக்கட்டின் அடிப்பாகம் தலையில் இடிக்கும். அக்காவுக்கு அது பழகிவிட்டது. எங்களுக்கு இன்னும் பழகவில்லை. புதிதாக எதையும் தைப்பதில்லை. இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பார், பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவார். நான் இரண்டாம் வகை.

மூன்றாம் மாடியில் உள்ள பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிறேன். அதனால் எனக்கு 'பேப்பர் தம்பி' என்று பெயர். நாட்டு நடப்பெல்லாம் அச்சாவதற்கு முன்பே என் காதுக்கு வந்துவிடும் என்று அக்கா நம்புகிறார். செய்தி உண்மையா என்று என்னை யாரும் கேட்பதில்லை, கமா சரியா என்றுதான் கேட்பார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். என் பேன்ட் ஒன்று தயாராகி ஆணியில் தொங்குகிறது. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரமாட்டேன் என்கிறது. "யாரு நிப்பாங்கன்னு ஒரு பேரைச் சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்க" என்கிறார் அக்கா.

எங்கள் நாட்டில் ஜனாதிபதிக்கு மக்களே நேராக ஓட்டுப் போடுகிறோம். எதிர்க்கட்சியின் சார்பில் நிற்கக்கூடும் என்று ஐந்து பேருடைய பெயர் அடிபடுகிறது. வக்கீல், பேராசிரியர், மேயரம்மா, மில் முதலாளி, டாக்டர். முதல் நான்கு பேருக்காகவும் அக்கா மாறி மாறி வாதாடுவார். பேராசிரியர் பேசினால் கூட்டம் தூங்கிவிடுகிறதே என்றால், "தூங்கட்டுமே, நாட்டுக்கு நல்ல தூக்கம் வேணாமா?" மேயரம்மாவுக்குச் சாக்கடை அள்ளிய அனுபவம்தானே உண்டு என்றால், "அதைவிட வேற என்னங்க அனுபவம் வேணும்?" மில் முதலாளி திருடர் என்று யாரோ சொன்னபோதுகூட அக்கா அசரவில்லை. "திருடினவருக்குத்தானே எந்தெந்த ஓட்டை வழியாப் போகுதுன்னு தெரியும். அவரே உட்கார்ந்து அடைக்கட்டும்!" எதிரே மொபைல் கடை வைத்திருப்பவர் அக்காவுக்குக் 'கருத்துக்கணிப்பு' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார். டாக்டர் பேச்சு வந்தால் மட்டும் அக்காவின் குரல் சுருங்கிவிடும். "அவருக்கு எங்க முடியும்? முட்டி வலியாம். வயசும் ஆயிடுச்சு. அவரெல்லாம் நிக்க மாட்டார்." டாக்டருக்கு மில் முதலாளியைவிட வயது குறைவு.

ஒரு நாள் பேன்டை எப்படியாவது மீட்டுவிடுவது என்று, "டாக்டர்தான்னு மேல பேசிக்கிறாங்கக்கா" என்று எடுத்துவிட்டேன். நிஜமாகவே பேசிக்கொண்டார்கள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நின்றபோது பார்த்தால், யாரோ ஒருவருடைய பேன்டின் காலை வாய்மூடித் தைத்து வைத்திருக்கிறார். "மேலன்னா யாரு? எடிட்டரா? அவருக்கு யாரு சொன்னாங்களாம்? சும்மா சொல்றதா, நிச்சயமாச் சொல்றதா?" என்று கேள்வி மேல் கேள்வி. என் பேன்டைத் தானே எடுத்துக் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்றார். மொபைல் கடைக்காரர்தான் என்னை ஓரமாக இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். டாக்டரின் மெய்க்காவலர் அக்காவின் வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகு எனக்கு அக்காவின் அரசியல் முழுக்கப் புரிந்துவிட்டது. டிவியில் டாக்டர் வந்தால் நாடே டாக்டரைப் பார்க்கும். அக்காவும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகளும் டாக்டரின் இடது தோளுக்குப் பின்னால் பார்ப்பார்கள். அங்கே ஒரு பாதி முகமும் ஒரு காதும் தெரியும். தெரிந்தால் நிம்மதி. கேமரா நகர்ந்துவிட்டால், "அட, கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டேன்டா" என்று டிவியைத் திட்டுவாராம்.

வீட்டுக்காரரை ஒருமுறை பார்த்தேன். மதியச் சாப்பாட்டு டப்பாவை வாங்கிப்போக வந்திருந்தார். ஆள் பீரோ மாதிரி, குரல் மட்டும் பூனைக்குட்டி. கை குலுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, இன்னொரு கையைப் பார்த்தார். படியிறங்கி வருகிற எல்லோருடைய கைகளையும் அப்படித்தான் பார்த்தார்.

"டாக்டர் நின்னா ஜெயிச்சிடுவார் தம்பி, எழுதி வெச்சுக்கங்க" என்றார். முகத்தில் கல்யாண மாப்பிள்ளையின் களை.

அக்கா மெஷினைவிட்டுத் தலை நிமிரவில்லை. "அவர் ஜெயிப்பார். நீங்க?"

"எனக்கென்ன? நான் பின்னாடிதானே நிக்கிறேன்."

"ஏதாவதுன்னா முன்னாடி போய் விழுறதுக்குத்தானே சம்பளம் குடுக்கறாங்க!"

அவர் சிரித்துக்கொண்டே டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா பெடலை மிதித்த மிதியில் ஊசி முறிந்தது.

போன தேர்தலில் ஒரு வேட்பாளரைக் கூட்டத்துக்குள் கத்தியால் குத்த வந்தார்கள். அவர் பிழைத்தார், அனுதாப அலையில் ஜெயிக்கவும் செய்தார். குறுக்கே பாய்ந்தவர் செத்துப்போனார். "அந்த ஆள் பேரு உங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்று அக்கா என்னைக் கேட்டார். தெரியவில்லை. மாடிக்குப் போய்ப் பழைய இதழை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பத்திரிகையில் 'மெய்க்காவலர் ஒருவர்' என்று போட்டிருந்தது. கீழே இறங்கி வந்து சொல்ல வாய் வரவில்லை. அக்காவும் மறுபடி கேட்கவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

"டாக்டருக்குக் கூட்டத்தைக் கண்டா கார்ல உட்கார முடியாது தம்பி. இறங்கிடுவார். கைக்குழந்தையை வாங்கிக் கொஞ்சுவார், வயசானவங்க தோள்ல கை போடுவார். நல்ல மனுஷன். அதான் பயமே. கெட்டவனா இருந்தா கண்ணாடியை ஏத்திவிட்டுட்டுப் போயிட்டே இருப்பான்ல?" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேற யார் வீட்டுக்காரராவது அவர் பக்கத்துல நின்னா, முதல் ஓட்டு நான்தான் போடுவேன்" என்பார். சொன்ன வேகத்திலேயே முகம் கறுத்துவிடும். "இப்படி நினைக்கிறது பாவம் இல்ல?" இல்லை என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்ல?

வேட்பாளரை அறிவிக்கப்போகும் நாளில் காலையிலிருந்தே அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டாக்டருக்கு லேசாகக் காய்ச்சல் என்று வீட்டுக்காரர் சொன்னாராம். பரீட்சை தள்ளிப்போன பிள்ளை மாதிரி அந்தக் காய்ச்சலை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். "பெரிய காய்ச்சல் வேணாம். ஒரு வாரம் படுத்து எந்திரிக்கிற மாதிரி போதும்." சாயங்காலம் மொபைல் கடை டிவிக்கு முன்னால் கட்டடமே கூடியது. கட்சித் தலைவர் நாட்டைப் பற்றி நீட்டி முழக்கினார். கடைசியில் டாக்டரின் பெயரைச் சொன்னார். ஒரே கைதட்டல், விசில். நானும் தட்டினேன், எனக்கும் டாக்டரைப் பிடிக்கும். அப்புறம்தான் அக்கா ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டேன்.

"என்னக்கா, உங்க கணிப்பு கவுந்துடுச்சே!" என்றார் வங்கி ஊழியர். அவருக்கு ஒன்றும் தெரியாது. "ஆமாங்க, கவுந்துடுச்சு" என்று அக்கா சிரித்தார். டிவியில் டாக்டர் வெளியே வந்து கையசைத்தார். இடது தோளுக்குப் பின்னால் பாதி முகம், ஒரு காது. கூட்டத்தைப் பார்த்ததும் டாக்டர் காரை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

அக்கா கடைக்குள் திரும்பிப்போய் அவசர வேலைகளையெல்லாம் ஓரமாகத் தள்ளினார். பையிலிருந்து வீட்டுக்காரரின் சாம்பல் நிறச் சட்டையை எடுத்துப் பிளேடால் இரண்டு பக்கத் தையலையும் சரசரவென்று பிரித்தார். உள்ளே விட்டிருந்த துணி முழுவதையும் இழுத்துவிட்டு விளிம்பிலேயே தையல் போட்டார்.

"அண்ணனுக்கு உடம்பு போட்டுடுச்சாக்கா?" என்று கேட்டேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"இனிமே உள்ள குண்டு துளைக்காத சட்டை போட்டாகணும் தம்பி. முன்ன ஒரு தடவை குடுத்தப்ப, மேல சட்டை இறுக்குதுன்னு கழட்டிக் கார்லயே வெச்சுட்டார் மகராசன்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கும் அவருக்கும் சுத்தளவு ஒண்ணுதான். அவருக்கு ஓடி வந்தது, உங்களுக்கு உட்கார்ந்து வந்தது. இப்படி வாங்க."

இரண்டு கனத்த துண்டுகளை மடித்து என் நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று என்று வைத்து, அதன் மேல் அந்தச் சட்டையைப் போட்டுப் பொத்தான்களை மாட்டினார். "கையைத் தூக்குங்க." தூக்கினேன். "சட்டுனு திரும்புங்க." திரும்பினேன். "குனிஞ்சு நிமிருங்க. எங்கயாவது பிடிக்குதா?"

"இல்லக்கா, தாராளமா இருக்கு."

"நல்லதாப் போச்சு. டாக்டர் உங்களுக்கு முன்னாடி நிக்கிறார்னு வெச்சுக்கங்க. ஒரே எட்டா முன்னாடி பாயுங்க, பார்ப்போம்."

பாயப் பார்த்தேன். நகர முடியவில்லை. காலர் கழுத்தை அறுத்தது. திரும்பிப் பார்த்தால், என் முதுகுப் பக்கத்துச் சட்டையை அக்கா இரண்டு கைகளாலும் கொத்தாகப் பிடித்திருக்கிறார்.

"பாயுங்க தம்பி" என்றார் மறுபடியும். பிடியை விடவில்லை.