ஒன்பது ஓவரும் ஒரு மாலையும்

அந்த வருட மாரி எங்கள் மைதானத்தைக் குளமாக்கிவிட்டது. கார்த்திகை தொடங்கித் தை பிறக்கும்வரை துறைமுகக் கந்தோர் கிரிக்கெட் அணியில் ஒருவரும் பந்தைத் தொடவில்லை. அணியின் வேகப்பந்து வீச்சாளன் நான். அந்த இரண்டு மாதமும் என் வலக்கை செய்த ஒரே பயிற்சி கரம் போர்டில் காய் சுண்டியது. அதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன்.

மழை விட்டதும் எனக்குப் பொன்னுருக்கு வந்தது. தாலிக்குப் பொன் உருக்கிய பிறகு மாப்பிள்ளை கடல் கடக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் கட்டுப்பாடு. மாமனாராக வரப்போகிறவர் பொன் உருகிக்கொண்டிருக்கும்போதே அதை இரண்டு தரம் சொன்னார். நானும் ஓம் என்றேன். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. வருடத்தின் முதல் மட்ச்சுக்கு மூன்று நாள். மட்ச் மூதூரில். அங்கே போக லாஞ்சில் குடாவைக் கடக்க வேண்டும்.

எங்கள் கப்டன் கிண்ணியாக்காரர், கந்தோரில் என் பக்கத்து மேசை. குடா கடலில் சேராது என்று அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். மூன்று பக்கமும் தரை இருந்தால் அது எப்படிக் கடலாகும் என்று கேட்டார். எனக்கு அந்த நேரம் அதைவிடப் பெரிய நியாயம் தேவைப்படவில்லை.

முதல் ஓவரையாவது மெதுவாகப் போட்டிருக்கலாம். புது மாப்பிள்ளை பந்து போடுகிறார் என்று சனம் பார்க்க வந்திருந்தது, எனக்குத் தலை கால் தெரியவில்லை. ஒன்பதாவது ஓவரில் தோளுக்குள் ஏதோ கிழிந்தது. அதற்குப் பிறகு கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. விக்கெட்டும் ஒன்றும் விழவில்லை.

திரும்பும் லாஞ்சில் கிளிவெட்டியிலிருந்து எங்கள் கல்யாண அரிசி வந்துகொண்டிருந்தது. மூட்டைகளின் மேல் பெண்ணின் அண்ணன் இருந்தார். கழுத்தில் கட்டிய துவாயில் தொங்கிய என் கையை அவர் பார்த்தார். நான் அரிசியைப் பார்த்தேன். கடல் கடந்து கையைக் கெடுத்துக்கொண்டவனுக்கு மாமனார் பெண் கொடுக்கமாட்டார் என்று பயந்துபோனேன். அந்தப் பெண்ணை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

இரண்டு நாள் தோளில் எண்ணெய் பூசிக்கொண்டு செய்திக்குக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

தாலி கட்டும்போது அவள் மணையில் இருந்தாள், நான் நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சைப் போட்டுவிட்டேன். சபை அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டது. மாலை மாற்றும்போதுதான் மாட்டிக்கொண்டேன். அவளும் எழுந்து நின்றாள். அவளுக்கு மேலே அவள் கொண்டை இன்னொரு சாண் நின்றது. மாலையோடு என் கை நெஞ்சளவில் நின்றுவிட்டது. மாமனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தலை குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"எத்தினை ஓவர் போட்டனீங்கள்?"

"ஒன்பது."

"விக்கெட்?"

"இல்லை."

தன் மாலையின் மறைவில் என் முழங்கையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினாள். மாலை கொண்டையைத் தாண்டி அவள் கழுத்தில் விழுந்தது.

"பழகாமல் இனிப் பந்து போடாதேங்கோ," என்றாள்.

நான் ஓம் என்றேன். அந்தத் தை மாதம் நான் சொன்ன ஓம்களில் அதை மட்டும்தான் காப்பாற்றினேன்.