ஹேங் என்று எழுதிய மூன்று வரிகள்

திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். போனில் வரும் புகாரைப் பதிவு செய்வது என் பொறுப்பு. அங்கே ஒரு விதி உண்டு. வாடிக்கையாளர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும், கிழமையும் நேரமும் போட வேண்டும். என்ன கோளாறு என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

அந்தப் பழக்கத்தில் சொந்தமாக ஒரு நோட்டும் போட்டேன். படிப்பில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள், ஊரில் அது என்னவாகிவிட்டது என்று பட்டியல்.

சி.பி.யூ.: கணக்கைச் செய்யும் சில்லு. ஊரில், மேசைக்கு அடியில் இருக்கும் முழுப் பெட்டி.

சர்வர்: கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கணினி. ஊரில், சான்றிதழ் இன்றைக்குக் கிடைக்காது என்பதற்கான காரணம்.

வைரஸ்: தன்னைத் தானே நகலெடுத்துப் பரவும் நிரல். மவுஸ் வயரை எலி கடித்ததற்கும் ஒருவர் வைரஸ் என்றார்.

ஹேங்: ஒரு நிரல், வராத ஒன்றுக்காகக் காத்துக்கொண்டு பதில் சொல்லாமல் நின்றுவிடுவது. இதற்குத்தான் நிறைய வரிகள். பந்தியில் சாம்பார் வரத் தாமதமானால் ஹேங். பஸ் மேடேறவில்லை என்றால் ஹேங். கடைசி மூன்று வரிகள் அம்மா சொன்னவை.

அம்மாவும் அப்பாவும் சாணார்பட்டிப் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருக்கிறார்கள். காலையில் பூவை ஏற்றிவிட்டதும் அம்மா எனக்குப் போன் செய்வாள். அப்படி ஒரு வாரம் நான் எழுதியது இது.

செவ்வாய், 7.40: "கை செத்த நேரம் ஹேங் ஆயிருச்சு பாப்பா. உதறுனேன், சரியாப் போச்சு."

வியாழன், 8.10: "டம்ளரு கையில நிக்க மாட்டேங்குது. அதே ஹேங்குதான்."

சனி, 7.30: "சொல்ல வந்தது வாயிலயே ஹேங் ஆகுதுடி."

சனிக்கிழமை நான் சிரித்தேன். "படுத்து எந்திரிம்மா, ரீஸ்டார்ட் ஆயிரும்" என்றேன். அவளும் சிரித்தாள். நல்ல வரி கிடைத்தது என்று எழுதி வைத்தேன்.

ஞாயிறு காலை ஊருக்குப் போனேன். அப்பா தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒங்கம்மா வேலையப் பாத்தியா? நாலு நாளா ஒரு பக்கத்த அப்படியே விட்டுட்டு வாரா. கேட்டா எடுத்துட்டேங்கிறா. கண்ணாடி வாங்கிக் குடு."

செடி வரிசைகளுக்கு நடுவே உள்ள சந்தில் அம்மா எப்போதும் ஒரே திசையில்தான் பூ எடுப்பாள். வெயில் முகத்தில் அடிக்காமல் கிழக்கிலிருந்து மேற்கே போவாள். முடித்ததும் வெறுங்கையோடு திரும்பி வந்து, அடுத்த சந்திலும் கிழக்கிலிருந்தே தொடங்குவாள். இடது கை இடப் பக்கத்துச் செடியில், வலது கை வலப் பக்கத்துச் செடியில், இரண்டும் சேர்ந்தே ஓடும். மல்லியை மொட்டாக எடுத்துவிட வேண்டும். விட்டால் சாயங்காலம் விரிந்துவிடும், சந்தைக்கு ஆகாது.

கிழக்கு முனையில் நின்று பார்த்தேன். இடப் பக்கம் முழுக்கப் பச்சை. வலப் பக்கம் முழுக்க எடுக்காத மொட்டின் வெள்ளை. அடுத்த சந்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

கண்ணாடி போட்டுத் தீர்கிற விஷயம் இல்லை இது. பையிலிருந்த நோட்டை எடுத்தேன். கை. டம்ளர். பேச்சு. அடுத்தடுத்து என் கையெழுத்திலேயே இருந்தது.

அம்மா மோட்டார் ரூமுக்கு வெளியே முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கையையும் முன்னாடி நீட்டும்மா."

"எதுக்குடி, போலீஸ் கூட்டியாந்திருக்கியா?"

நீட்டினாள். எண்ணத் தொடங்கினேன். ஆறு என்னும்போது வலது கை மெல்ல இறங்கியது. அது இறங்குவது அவளுக்குத் தெரியவில்லை.

"சிரிம்மா."

"லூசு" என்று சிரித்தாள். உதடு ஒரு பக்கம் மட்டும் ஏறியது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரில் கிளம்பினோம். அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். விரல்கள் பதிலுக்கு அழுத்தின, விட்டுவிட்டன. விட்ட ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்த்தேன். "ஏம் பாப்பா இப்புடிப் பாக்குற?" என்றாள். அவள் விரலை மறுபடி அழுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்போதிருந்து?" என்று கேட்டார்.

"இன்னைக்குத்தான் சார்" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லங்க, ஹேங்கு" என்றாள் அம்மா.

நான் நோட்டை நீட்டினேன். டாக்டர் மூன்று வரிகளையும் படித்தார். செவ்வாய்க்கிழமை மேல் விரலை வைத்தார். "தானா சரியாயிடுச்சுன்னு விட்டுட்டீங்க. அதான் முதல் எச்சரிக்கை. பக்கவாதம் இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றார். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஸ்கேன் அறை வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க." வேறு நாளாக இருந்தால் அது என்ன சிஸ்டம், எது ஸ்லோ என்று யோசித்திருப்பேன். அன்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மூளையின் இடப் பக்கத்தில் சிறிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருந்தது. பெரிய குழாய் அடைக்கும் முன் வந்துவிட்டோம் என்றார் டாக்டர். மாத்திரை, பயிற்சி, ஓய்வு. சில வாரங்களில் கை பெரும்பாலும் திரும்பியது. பழைய வேகம் இல்லை.

நோட்டு இப்போதும் இருக்கிறது. புதுச் சொல் எதுவும் எழுதவில்லை. காலையில் போன் வந்தால் அம்மாவை நீளமாகப் பேச வைத்து, எங்கே திக்குகிறாள் என்று மூச்சைப் பிடித்துக் கேட்கிறேன்.

"பரீட்சை முடிஞ்சுதா? வைக்கவா?" என்பாள்.

நேற்று அப்பா போனை வாங்கிச் சொன்னார். "இன்னைக்கு ரெண்டு பக்கமும் சுத்தமா எடுத்துட்டா, பயப்படாத தாயி."

"சரிப்பா" என்றேன். பிறகு, "கிழக்கு முனையில நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா" என்றேன்.