பலகைக்குப் பின்னால் பன்னிரண்டு நாள்

பீங்கான் கம்பெனியில் எனக்கு வேலை, அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைக் கப்புகளின் ஓரத்தை ஈர ஸ்பாஞ்சால் வழிப்பது. இருபத்தெட்டு வருஷமாகச் செய்கிறேன். என் வேலையை ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

போன ஆடியில் வலது விலாவுக்குக் கீழே கனமாகவே இருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பு படிந்திருக்குது, சோத்தையும் சர்க்கரையையும் குறைங்கம்மா, நடங்க, இப்போதைக்குப் பயமில்லை என்றார் டாக்டரம்மா. கடைசியாகச் சொன்னது என் காதில் ஏறவில்லை. ஈரல் கெட்டது என்றால் எங்கள் தெருவில் குடி என்றுதான் நினைப்பார்கள். என் வூட்டுக்காரர் அதில்தான் வயிறு வீங்கிப் போனார். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத எனக்குமா? யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

மதியம் நாங்கள் நாலு பொம்பளைகள் வட்டமாக உட்காருவோம். அவரவர் டப்பாவிலிருந்து ஒரு கை அடுத்தவருக்குப் போட வேண்டும். வாங்காவிட்டால் சண்டை என்று அர்த்தம். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு, கப்பு காயவைக்கிற பலகை அடுக்குக்குப் பின்னால் போய்விட்டேன். பன்னிரண்டு நாள் அப்படித்தான். அவிச்ச கீரை தொண்டையில் இறங்கவில்லை. மூணு பேரும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். கவனம் தப்பி ஒரே நாளில் ரெண்டு கப்புக்கு ஓரம் பிய்ந்தது.

அன்றைக்கு அந்த மூணு பேரில் ஒருத்தி, பெண்ணாடத்துக்காரி, நேரே வந்து நின்றாள்.

“ஏக்கா, எங்க வூட்டு சோறு நாறுதா?”

“அப்படி இல்லடி.”

“பின்ன? எம் பொண்ணு கல்யாணத்துக்கும் வரமாட்டியா? இப்பவே சொல்லிடு, ஒரு பத்திரிகையாவது மிச்சம்.”

அதற்கு மேல் வீறாப்பு நிற்கவில்லை. ஸ்கேனில் வந்ததைச் சொன்னேன்.

“நீ எங்கக்கா குடிச்ச?”

“குடிக்காமயும் வருமாம்டி.”

“இதுக்கா ஒளிஞ்ச? நாங்க என்ன தப்பு செஞ்சோம்னு மூணு பேரும் மண்டைய ஒடச்சிக்கிட்டு இருக்கோம். எழுந்து வா.”

வட்டத்தில் என் கீரையை ஆளுக்கு ஒரு வாய் அள்ளினார்கள். “உப்பே காணோம், இத எப்படிக்கா திங்கற?” என்றாள் ஒருத்தி.

ஈரல் எப்படி இருக்குது என்று அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். பயம் போகவில்லை, சோறு இறங்குகிறது. என் டப்பாவில் பாதிச் சோற்றை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குக் காய் மட்டும் போடுகிறார்கள். வேலை விட்டதும் பெண்ணாடத்துக்காரி பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடக்கிறாள். அதிரசம் கொண்டுவருகிற நாளில் மட்டும் மூணு பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திங்கிறாளுங்க. நானும் பார்க்காத மாதிரி இருந்துக்கறேன்.