ஒரே ஒரு கேசட்

திண்டுக்கல்லில் நான் வீடியோ கேசட்டுகளை சிடியாக மாற்றிக் கொடுத்த காலம். ரிட்டயரான வாத்தியார் ஒருவர், தன் வீட்டு விசேஷங்களைத் தானே எடுத்த நாற்பது கேசட்டுகளோடு வந்தார். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துவிட்டு, திரையில் யார் யார் என்று சொல்வார். எந்தக் கேசட்டில் யார் என்று நான் கம்ப்யூட்டர் பட்டியலில் அடிப்பேன். சர்ச்சில் பிள்ளைகள் வாங்கிய புதுநன்மை, சடங்கு, கல்யாணம் எதிலும் சர்ச் பங்குச்சாமிகூட விடுபடவில்லை.

"என் வீட்டுக்காரி பேரப் போட்டுத் தேடுங்க தம்பி."

ஒன்றே ஒன்று வந்தது. அந்த அம்மாளின் அடக்கப் பூசை. அதை மட்டும் வேறொருவர் எடுத்திருந்தார்.

"எல்லா விசேஷத்துக்கும் அடுப்படியிலதான் கெடந்தா. எல்லாத்துலயும் அவ பேரப் போட்டுருங்க."

"இல்லாதவங்களப் போட முடியாதே சார்."

"இருந்தா. நாந்தான் எடுக்கல."

முப்பத்தொன்பது இடத்திலும் அடித்தேன். திரையில் பார்க்க ஒன்றுமில்லை, கண்ணாடி மங்கியிருந்தும் அவர் துடைக்கவே இல்லை.