ஏழாம் நம்பர் துணி

எங்கள் வீட்டு அடுப்படியில் சூடான பாத்திரம் இறக்க ஒரு துணி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியில் வெட்டியது. வெள்ளைத் துணிதான், ஆனால் இப்போது அதை வெள்ளை என்று சொன்னால் துணியே சிரிக்கும். மேலே இரண்டு மூலையிலும் நாடா தைத்த தடம் இருக்கிறது. நடுவில் கறுப்பு மையில், உள்ளங்கை இரண்டு சேர்த்து வைத்த அளவுக்கு ஒரு ஏழு. எத்தனை தடவை துவைத்தாலும் அந்த ஏழு போகவில்லை. ஒவ்வொரு நாளும் சோற்றுப் பானையைப் பிடிக்கும்போது அது என் முகத்தைப் பார்க்கிறது, எனக்கு என் நாத்தனாரின் ஞாபகம் வருகிறது, கூடவே பல்லைக் கடிக்கவும் தோன்றுகிறது.

நான் ஆரம்பாக்கத்திலிருந்து பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. நானோ பத்தாவதோடு நிறுத்தியவள், மீன்கூடையோடு நாலு ஊர் சுற்றுகிறவள், வழியில் எவர் என்ன சொன்னாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ராத்திரிச் சோற்றோடு பரிமாறுகிறவள். என் மாமியார் எங்கள் இருவரையும் பார்த்து, "உன் வாயில பாதிய அவளுக்குக் குடுத்திருந்தா ரெண்டு பேரும் உருப்பட்டிருப்பீங்க" என்பார். அதை அவர் திட்டாகச் சொன்னாரோ, ஆசையாகச் சொன்னாரோ, பின்னால் அதுவே எனக்கு வேலையாக வந்து சேர்ந்தது.

கல்லூரியில் சேர்ந்ததும் நாத்தனார் என்.சி.சி.யில் பெயர் கொடுத்தாள். அன்றிலிருந்து நான் வடிக்கிற கஞ்சியெல்லாம் அவளுடைய காக்கிச் சட்டைக்குப் போனது. சட்டை தானாக எழுந்து நிற்கும். அப்புறம் ஒருநாள், தான் ராணுவத்தில் அதிகாரியாகப் போவதாகச் சொன்னாள். சிப்பாயாக இல்லை, அதிகாரியாக. கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர்தான் என்.சி.சி.யையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பொறுப்பால் அவருக்குக் கேப்டன் பட்டம். அவர் சனிக்கிழமைகளில் அதிகாரித் தேர்வுக்கென்று தலைமைப் பயிற்சி வகுப்பு நடத்தினார். மைதானத்தில் இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டு, இது ஆறு, கால் படாமல் கடக்கவேண்டும் என்று பலகையும் கயிறும் தகர டிரம்மும் கொடுப்பார்களாம். படகிலேயே நடை பழகியவளுக்கு அது ஒரு விஷயமா? மற்றவர்கள் கயிற்றை அவிழ்ப்பதற்குள் இவள் அந்தப் பக்கம் போய் நிற்பாள். நாங்கள் எல்லோரும் இவள் போன கையோடு தேர்வாகிவிடுவாள் என்று நினைத்தோம்.

போன கையோடு திரும்பி வந்தாள். ஐந்து நாள் தேர்வு, முதல் நாளே அனுப்பிவிட்டார்கள். முதுகில் மூட்டையோடு வாசலில் நின்றவளிடம் நான்தான் கேட்டேன்.

"இன்னாடி ஆச்சு?"

"ஒரு படம் காட்டி அதப் பத்திக் கூடிப் பேசச் சொன்னாங்க அண்ணி. நான் பேசல."

"தெரியலையா?"

"தெரியும். முறை வர்ல."

எனக்கு விளங்கவில்லை. பதினைந்து பெண்களை வட்டமாக உட்காரவைத்து, எல்லோரும் சேர்ந்து ஒரு கதையை முடிவுசெய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இவள், ஒருத்தி முடிக்கட்டும், அடுத்து நாம் பேசலாம் என்று காத்திருந்திருக்கிறாள். யாரும் முடிக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

"மொத்த நேரமும் சும்மா உக்காந்துனு இருந்துட்டு வந்தியா?"

"பேசறவங்க நடுவுல எப்படி அண்ணி பூர்றது?"

என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு கரை வரைக்கும் கேட்டிருக்கும். "எதிரி சுட்டுனு இருப்பான். நம்ம ஆபீசரம்மா, நீ முடி நைனா, அப்பால நான் சுடறேன்னு உக்காந்திருப்பா" என்றார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. "முறை வராதப்ப பேசாம இருந்தா அது தப்பாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார்.

அவர் அப்படித்தான் கேட்பார். ஏரியில் இறால் வலை கட்டும் இடத்தை எங்கள் பக்கம் பாடு என்பார்கள். எந்த நாளில் எந்தப் பாடு யாருக்கு என்பது ஊர்ச் சங்கத்தில் சீட்டுப் போட்டு முடிவாகும். தன் முறை இல்லாத நாளில் இறால் கண்ணெதிரே துள்ளினாலும் மாமனார் கரையில் உட்கார்ந்து பீடி பிடிப்பாரே தவிர, தண்ணீரில் கால் வைக்கமாட்டார். முறை வந்தவர் காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் வைக்கவில்லை. அந்த மனுஷனின் மடியில் வளர்ந்த பெண் வேறு எப்படி இருப்பாள்? நியாயம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் குறைந்ததா என்றால், இரண்டு மடங்கானது. கோழை என்றால் திட்டித் திருத்தலாம். கூச்சம் என்றால் கிண்டல் பண்ணித் திருத்தலாம். நியாயம் பேசிக்கொண்டு தோற்றுவருகிறவளை என்ன செய்வது?

இதற்குள் மாமியார் மீஞ்சூரில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். தொழிற்சாலை வேலை, ஒரே பிள்ளை. "இன்னொரு தபா போய்ட்டு வரட்டும். அதுவும் இல்லைனா தை மாசம் கல்யாணம். அப்புறம் பட்டாளம் கிட்டாளம்னு பேச்செடுத்தா நான் மனுசியா இருக்கமாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நாத்தனார் தலையாட்டினாள். அதற்கும் குறுக்கே பேசவில்லை!

கேப்டன் சார் அவளுடைய பயிற்சி நோட்டில், எல்லாம் நன்று, குரல் மட்டும் கேட்கவில்லை என்று எழுதி அனுப்பினார். அதோடு ஓர் அறிவுரையும் சொன்னாராம். குரலை உயர்த்து, ஆனால் மீன் மார்க்கெட் மாதிரி ஆக்கிவிடாதே என்று. எனக்கு வந்ததே கோபம். மீன் மார்க்கெட்டில் ஒழுங்கில்லை என்று யார் சொன்னது? முப்பது பேர் கத்தினாலும் ஏலக்காரர் காதில் யார் குரல் எப்போது விழவேண்டுமோ அப்போது விழும். "உங்க சாரு ஒரு நாள் காலைல வந்து நின்னு பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் அவளையே ஏலம் விடுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு கூடை நண்டைக் காட்டி, இதை நீதான் எடுக்கவேண்டும் என்றேன். என் நாத்தனார், பக்கத்தில் நின்ற அம்மாள் கேட்டு முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். நண்டு போய்விட்டது. அடுத்த கூடையும் போனது. ஏலக்காரர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, பொண்ணு வேடிக்க பாக்க வந்துக்குதா?" என்றார். மானம் போயிற்று.

ஆனாலும் விடவில்லை. வேட்டியைக் கிழித்து எட்டு நம்பர் துணி தைத்தேன். தேர்வில் இப்படித்தான் மார்பில் நம்பர் கட்டிவிடுவார்களாம், பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்களாம். மாமனாருக்கு இரண்டு, மாமியாருக்கு மூன்று, என் வீட்டுக்காரருக்கு நாலு, எதிர்வீட்டு அக்காவுக்கு ஐந்து, எனக்கு ஆறு, அவளுக்கு ஏழு. ஒன்றும் எட்டும் யாரும் வராமல் கொடியில் தொங்கின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். கல்லூரி மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்கலாமா என்பது தலைப்பு. அங்கே இங்கிலீஷில் பேசவேண்டும், அது அவளுக்கு வரும். வராதது எது என்று எங்களுக்குத் தெரியும், அதற்குத் தமிழ் போதும்.

"நான் இன்னாத்துக்கும்மா நம்பரு கட்டிக்கணும்?" என்றார் மாமனார். "கட்டிக்க, உன்னையும் பட்டாளத்துக்கு அனுப்பிட்டா நான் நிம்மதியா இருப்பேன்" என்றார் மாமியார். கட்டாயம் என்றால் எதுவுமே வேண்டாம் என்றார் மாமனார். எதிர்வீட்டு அக்கா தன் மகன் கட்டாயப்படுத்தினாலும் பல் தேய்க்கமாட்டான் என்று ஆரம்பித்து, அவன் சரித்திரத்தையே சொன்னார். மாமியார் குடிதண்ணீர் லாரிக்குப் போய்விட்டார். ஏழாம் நம்பர் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் அவள் தொடையில் கிள்ளினேன். "பூருடி!" என்றேன். "அக்கா இன்னும் முடிக்கல அண்ணி" என்றாள். நான் என் ஆறாம் நம்பரை அவிழ்த்து எறிந்துவிட்டு எழுந்துபோனேன். இப்படி எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று எண்ணவில்லை.

நடுவில் ஒரே ஒரு தடவை அவள் கத்தினாள். ஏலத்தில்தான். யாரோ ஒரு வயதான அம்மாள் கேட்ட கூடையை, இடித்துக்கொண்டு வந்த வேறொருத்தி தூக்கப் போனாள். "இருங்க!" என்று ஒரு குரல். ஏலக்காரரே கூவுவதை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் என் நாத்தனார். "அவங்கதான் மொதல்ல கேட்டாங்க" என்றாள். அவ்வளவுதான், மறுபடி வாயை மூடிக்கொண்டாள். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இந்தக் குரலை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள்? வெளியே எடுத்தும் யாருக்காக எடுத்தாள் பாருங்கள்.

இரண்டாம் முறை போகும்போது ரயில் ஏற்றிவிட நானும் சென்னை வரை போனேன். வழியெல்லாம் ஒரே பாடம்தான் நடத்தினேன். "நீ நல்லவளா இருந்தது போதும். யார் பேசினாலும் பூந்து பேசு. அங்க உன் பாடு, என் பாடுன்னு யாரும் சீட்டுப் போட மாட்டாங்க." சரி அண்ணி, சரி அண்ணி என்றாள்.

முதல் நாள் சாயங்காலம் போன் வந்தது. வெளியே அனுப்பிவிட்டால் அன்றே போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தாள். மணி அடித்ததுமே மாமியார் என் முகத்தைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பேசினியா?"

"எல்லாரும் கத்தினாங்க அண்ணி. உங்கள நெனச்சுகினு, 'வெயிட்'னு கத்தினேன். எல்லாம் கப்சிப்னு ஆயிடுச்சு."

"அப்புறம்? கதையச் சொன்னியா?"

"எதிர்ல ஒரு பொண்ணு, மலைப் பக்கத்துப் பொண்ணு. எட்டு தபா வாயத் தொறந்து எட்டு தபாவும் மூடிடுச்சு. அதான், நீ சொல்லுமான்னேன்."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கத்தின கத்தலுக்கு எதிர்வீட்டு அக்கா ஓடிவந்துவிட்டார். தொண்டை கிழியக் கற்றுக்கொடுத்து, ரயில் ஏற்றிவிட்டு, ஊரே வாய் மூடி இவள் வாயைப் பார்க்கிற நேரத்தில், கிடைத்த இடத்தைத் தூக்கி இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்! "கல்யாணத்துக்குப் புடவை எடுக்கலாம் வாடி" என்றேன். அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். வழக்கம்போல. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில்தான் சொன்னாள்.

"அண்ணி, அந்தப் பொண்ணு சொன்ன கதையோட மீதிய நான் சொன்னேன். இப்பத்தான் தேறினவங்க நம்பர் படிச்சாங்க. என்னுதும் படிச்சாங்க. அதச் சொல்லத்தான் பண்ணேன். இனிமே நாலு நாளைக்குப் போனு கிடையாது."

மாமனார் பீடியைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே சொல்லி இருக்கலாமில்ல?" என்றார் மாமியார், அழுதுகொண்டே. அவள் எப்படிச் சொல்வாள்? நான்தான் விடவில்லையே.

ஐந்தாம் நாளும் அவள் நம்பரைப் படித்தார்கள். மீஞ்சூர்க்காரர்களுக்கு மாமியாரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இப்போது அவள் பயிற்சி நிலையத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சில நிமிஷம் பேசவிடுகிறார்கள், சரியாக நான் சோறு வடிக்கிற நேரத்துக்கு. அங்கே அவளுக்கு என்ன ஊற்றிக் கொடுக்கிறார்களோ, இப்போதெல்லாம் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை. எதிர்வீட்டு அக்கா மகன் கதையை ஆரம்பித்தால், "அண்ணி, விஷயத்துக்கு வாங்க" என்கிறாள். ஏரியில் இந்த வருஷம் இறால் எப்படி என்று சொல்லவந்தால், "அத நைனா சொல்லிட்டாரு, அடுத்தது" என்கிறாள். யாரிடம் கற்றாள் என்று வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் சேர்த்து வைத்து என்மேலேயே காட்டுகிறாள்.

போன ஞாயிறும் அப்படித்தான் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தாள். ஓட்டம், துப்பாக்கி, காலில் கொப்புளம், மெஸ்ஸில் மீன் என்ற பெயரில் எதையோ போடுகிறார்கள். ஒரு கையில் போன், மறு கையில் ஏழாம் நம்பர் துணி, அடுப்பில் சோறு. திடீரென்று அந்தப் பக்கம் சத்தமில்லை.

"கட்டாயிடுச்சா?" என்றேன்.

"இல்ல அண்ணி. நேரம் இன்னும் கீது. இப்ப நீங்க பேசுங்க, நான் பூரமாட்டேன். உங்க முறை."

வாரம் முழுவதும் சேர்த்து வைத்திருந்தேன். ஏலத்தில் நடந்தது, மாமியாரின் முழங்கால், பஸ்ஸில் ஒருவர் சொன்ன அருமையான பேச்சு. ஒன்றும் வரவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவள் காத்திருப்பது போனிலேயே கேட்டது. பானை பொங்கி அடுப்பில் வழிந்தது. துணியோடு எட்டிப் பிடித்தேன்.

"சோறு குழைஞ்சி போச்சுடி" என்றேன். "எல்லாம் உன்னாலதான்."