கண்டியில் பார்த்த முதல் அறை

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. விடுதியில் இடமில்லை. அதனால் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பாவும் நானும் கண்டிக்கு அறை தேடி வந்தோம்.

முதலில் போனது ஒரு சட்டத்தரணியின் வீடு. அவருடைய மனைவி எங்களை உபசரித்து, வெளிச்சமான முன்னறையைக் காட்டினார். பிறகு அப்பாவிடம், "தோட்டத்திலை கிளாக்கரோ?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா, தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுறேனுங்க."

அந்த அம்மாவின் முகத்தில் அன்பு கூடியதே தவிரக் குறையவில்லை. "அப்ப இந்த அறை வேண்டாம். குசினிக்குப் பக்கத்திலை இடம் இருக்கு, வாடகை தரத் தேவையில்லை. மகள் விடிய எழும்பிச் சமைச்சு வைச்சிட்டுப் படிக்கப் போகட்டும். உங்கட தோட்டத்து ஆக்களுக்கு வேலை பழக்கம்தானே?"

அப்பா கைகூப்பினார். பிள்ளைக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டதென்ற நிம்மதி அவருக்கு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் கைகளைப் பிடித்து இறக்கினேன்.

"வாங்கப்பா, வேற வீடு பாப்போம். இவங்களுக்கு வேலைக்காரிதான் வேணும்."

"இன்னும் படிக்கவே தொடங்கேல்லை, அதுக்குள்ளை இவ்வளவு வாயோ!" என்றார் அந்த அம்மா.

மாலையில் துணிக்கடை நடத்திய ஒரு முஸ்லிம் குடும்பம் தங்கள் மாடியறையைக் கொடுத்தது. கடைக்காரரின் மனைவி அப்பாவை உட்காரவைத்துச் சோறு போட்டார். பட்டம் பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

சட்டத்தரணியின் மனைவிக்குக் கெட்ட எண்ணமில்லை என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் தெரியும். ஏழைப் பெண்ணுக்குத் தருமம் செய்வதாகவே அவர் நம்பினார். திட்டித் துரத்தியிருந்தால் மறந்திருப்பேன். அந்தத் தருமத்தை நினைத்தால்தான் இன்றும் அருவருக்கிறது.