சிவப்புக் காருக்குப் பார்வை வந்த மதியம்

செத்துப்போன மனிதர் ஒருவருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவன் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

ஆச்சா? சரி.

சத்தியமாக நடந்தது. என் மனைவியே நம்பவில்லை. "காலையில மாத்திரை போட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று யாரோ கிளப்பி விட்டிருக்கிறார்கள். நான் பார்த்தது பட்டப்பகலில். மதியம் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம். ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். முப்பத்துநாலு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவன் நான். மாடியில் கண் டாக்டர், கீழே எங்கள் கடை. இந்த ஊரில் பாதிப் பேர் தங்கள் மாமியாரைத் தெளிவாகப் பார்த்தது என் கைவண்ணத்தால்தான். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுக்கண்ணாடியை மூக்கில் மாட்டியதும் எழுத்து அட்டையைக் காட்ட மாட்டேன். கூட வந்த ஆளை இருபதடி தள்ளி நிற்கவைத்து, "யாரு நிக்கிறாங்கன்னு தெரியுதா?" என்று கேட்பேன். ஒருவர் தன் மனைவியைப் பார்த்துவிட்டு, "பழைய கண்ணாடியையே குடுத்துடுங்க" என்றார். அன்றைக்குக் கடையில் நடந்த சண்டையைத் தனியாக எழுத வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட வட்டவட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பார்த்தாள். தம்பியின் ஷெட்டுக்குத் துரத்திவிட்டாள். அவள் தம்பி, அதாவது என் மச்சான், கார் எலக்ட்ரீஷியன். அங்கே போனதும் எனக்குப் புது ஜென்மம் கிடைத்தது. ஹெட்லைட்!

பழைய கார்களின் ஹெட்லைட் மேல்மூடியைப் பார்த்திருப்பீர்கள். வெயில் பட்டுப்பட்டு மஞ்சளாகி, பால் ஊற்றினதுபோல ஆகிவிடும். காருக்குக் கண்புரை, அவ்வளவுதான். தண்ணீர் தொட்டு, முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு நைசு, அதைவிட நைசு, கடைசியில் பாலிஷ். அதன்மேல் ஒரு பூச்சு. பார்வை வந்துவிடும். இதுவரை இருநூற்றுப் பதினொரு கார். ஐந்நூறு என்றுகூடச் சொல்லியிருப்பேன், ஆனால் மச்சான் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

மச்சானுக்குக் கடவுளும் கிடையாது, பேயும் கிடையாது. எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே பதில்தான். "எர்த் சரியில்லை மாமா." எனக்கு மூட்டு வலி என்றால்கூட அதைத்தான் சொல்வான்.

அந்த வண்டி வந்தது ஒரு புதன்கிழமை. சிவப்பு. இரண்டே கதவு. தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். கொண்டுவந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் சென்ட் சார். ஆள் வருவதற்கு முன் வாசனை வந்து, ஆள் போன பிறகும் உட்கார்ந்திருக்கும்.

"அண்ணனோட வண்டி. போன மழைக்கு ஏரிக்குள்ள விட்டுட்டாரு. ராத்திரி நேரம், வளைவு தெரியலை. வண்டிக்கு ஒண்ணும் ஆகலை. அவருதான் போயிட்டாரு" என்றார், குடையைத் தொலைத்த மாதிரி.

"அடடா" என்றேன்.

"சீட்டு, பெயின்ட் எல்லாம் புதுசாப் போட்டாச்சு. லைட்டு மட்டும் அடம்பிடிக்குது. மூணு கடையில தேச்சுட்டேன். சாயங்காலம் பளிச்சுனு இருக்கு, விடிஞ்சா மறுபடியும் வெள்ளை. நாளைக்கு நாலு மணிக்கு வாங்குற ஆளு வர்றாரு. முடியுமா பெரியவரே?"

என்னிடம் போய் முடியுமா என்று கேட்டால்? "நாளைக்கு மூணரைக்கு வாங்க" என்றேன். சாவியை நீட்டினார். இடது கையால்.

மறுநாள் காலை பதினொன்று இருபதுக்கு ஆரம்பித்தேன். பல்புக்குத் தண்ணீர் போகாமல் இருக்க, இரண்டு பக்கமும் பின்னால் இருக்கும் பிளக்கைக் கழற்றித் தொங்கவிட்டேன். பழைய லென்ஸ்காரன் அல்லவா, உப்புத்தாளை எடுப்பதற்கு முன் பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

வெயில் தின்ற ஹெட்லைட் மேல்பக்கம் மஞ்சளாகும், கீழே தெளிவாக இருக்கும். இது அப்படி இல்லை. மங்கலுக்கு அடியில் கோடுகள். வட்டவட்டமாக. மிக முரட்டுத் தாளை, தண்ணீர் தொடாமல், கையால் அழுத்தித் தேய்த்த கோடுகள். அந்த மூன்று கடைக்காரர்களும் மேலே மெழுகு தடவி ஏமாற்றியிருக்கிறார்கள், அடியைப் பார்க்கவில்லை. கோடுகள் இடது ஓரத்தில் ஆழமாக இருந்தன. இடது கைக்காரன் தேய்த்தால் அப்படித்தான் விழும். முப்பத்துநாலு வருடம், எனக்குத் தெரியாதா?

இதை யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். ஓட்டுகிறவனுக்கு எதிரே இருப்பது தெரியக்கூடாது என்று.

மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதைத் தேச்சு எடுத்துட்டா சாட்சியே போயிடும்டா. போலீசுக்குப் போகலாம்."

"போயி? கோடு வட்டமா இருக்கு, வந்து பாருங்கன்னு சொல்வீங்களா? உங்களைத்தான் உள்ள உட்கார வெப்பாங்க மாமா."

"மனசு கேக்கலைடா. நான் தொடமாட்டேன்." உப்புத்தாளைக் கீழே வைத்தேன்.

அப்போது ஹெட்லைட்டின் கீழ் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. டப்.

நான் இன்னும் தண்ணீரே தொடவில்லை.

டப்... டப்... இரண்டு ஹெட்லைட்டிலிருந்தும். பழுப்பு நிறம். ஏரிச் சேற்று வாடை. "ஏரியில கிடந்த வண்டிதானே, உள்ள தண்ணி தங்கியிருக்கும்" என்றான் மச்சான். மூன்று கடையில் கழுவி, வெயிலில் கிடந்து, நேற்று வரை சொட்டாத தண்ணீர்.

துடைத்துப் பார்க்கலாம் என்று உப்புத்தாளோடு கையை வைத்தேன். சொட்டு நின்றது.

கையை எடுத்தேன். டப்... டப்...

வைத்தேன். நின்றது.

எனக்குப் புரிந்தது. உள்ளே இருப்பவருக்குச் சாட்சி வேண்டாம். பார்வை வேண்டும்.

தேய்த்தேன். ஐயா, நான் தேய்த்தேனா, கை தானாகத் தேய்த்ததா, இன்றுவரை தெரியாது. ஷெட்டில் மின்விசிறி ஓடுகிறது, எஞ்சின் போடவில்லை. ஆனால் அந்த மூடி வெதுவெதுப்பாக இருந்தது. மூடிய கண்ணின் இமை மாதிரி. ஒருமுறை என் விரலுக்கு அடியில் லேசாகத் துடித்தது. மச்சானிடம் சொன்னேன். "எர்த்" என்றான்.

இரண்டு பத்துக்கு இடது ஹெட்லைட் முடிந்தது. மூன்று இருபதுக்கு வலது. இருநூற்றுப் பதினொரு காரிலும் அப்படி ஒரு தெளிவு வந்ததில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது. என் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம்.

திரும்பினேன். சுவர்.

மூன்று முப்பத்தைந்து. முதலில் வாசனை வந்தது. பின்னாலேயே சென்ட் சார்.

"பிரமாதம் பெரியவரே! எரியவிட்டுக் காட்டுங்க. ஆளு இப்ப வந்துடுவாரு."

வெளிச்சம் விழுவதைப் பார்க்க ஷெட் இருட்டாக இருக்க வேண்டும். மச்சான் ஷட்டரை இறக்கினான். ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். எதிர்ச்சுவரில் வெளிச்சத்தின் உயரம் பார்க்க நாங்கள் கோடு போட்டிருப்போம். சென்ட் சார் தானாகவே போய் அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்றார். சரியாக இருபதடி.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழக்கம் விடுமா? ஹெட்லைட் மேல் தட்டி, வாடிக்கையாளரிடம் கேட்பதுபோலவே கேட்டுவிட்டேன்.

"யாரு நிக்கிறாங்கன்னு தெரியுதா?"

மணி மூன்று நாற்பத்திரண்டு.

எரிந்தது.

இரண்டும். வெள்ளையாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது... பிளக்கை நான் திரும்ப மாட்டவே இல்லை. குனிந்து பார்த்தேன். இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

சென்ட் சார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வலதுபக்கம் நகர்ந்தார்.

வெளிச்சமும் நகர்ந்தது.

இடதுபக்கம் வந்தார்.

வெளிச்சமும் வந்தது.

"என்னய்யா விளையாட்டு இது? அணைங்க!"

"மச்சான், அணைடா!"

காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் அவன் இரண்டு கைகளும் தெரிந்தன. தலைக்கு மேலே. தூக்கியபடி.

கிர்ர்ர்... டக். வைப்பர்.

கிர்ர்ர்... டக். காய்ந்த கண்ணாடியில் ஏரித் தண்ணீர் வழிந்தது.

வெளிச்சம் சுருங்கியது. சுவர் இருட்டானது. தரை இருட்டானது. அவர் முகம் மட்டும் வெள்ளை.

கண்ணை மூடினார். கையால் பொத்தினார். கை வழியாகப் போனது வெளிச்சம்... விரல் எலும்பு தெரிந்தது...

"அண்ணே..."

கிர்ர்ர்... டக்.

"பயமுறுத்தத்தாண்ணே தேச்சேன்... நீ போய்ச் சேருவேன்னு நினைக்கலண்ணே..."

கிர்ர்ர்...

"பொய்யி... பொய்யிண்ணே... நினைச்சுத்தான் செஞ்சேன்..."

டக்.

அணைந்தது.

மூன்று நாற்பத்தாறு. ஷட்டரைத் தூக்கினேன். வெயில் உள்ளே வந்தது. சென்ட் சார் தரையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். "ஏன் இங்க இவ்வளவு பனிமூட்டமா இருக்கு?" என்றார். பனியா? வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. சுவரைத் தடவித் தடவி நடந்து போனார். வாங்க வந்தவர் வாசலிலேயே அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

மச்சான் காரிலிருந்து இறங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் வாய் மட்டும் பழைய வாய். "பிளக்கை நான்தான் மாட்டினேன். முழங்கால் பட்டு சுவிட்ச் விழுந்துடுச்சு. அந்தாளு குற்ற உணர்ச்சியில உளறினாரு." ஆறு மாதம் இதையே சொன்னான். குடும்பத்தில் யாரிடம் நான் இதைச் சொன்னாலும் குறுக்கே புகுந்து, "மாமா அளந்து விடுறாரு" என்பான். என் பேரன் பேத்திகள்வரை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

போன திங்கட்கிழமை பழைய கடைப் பக்கம் போனேன். மாடியில் கண் டாக்டர் பிடித்துக்கொண்டார்.

"வாங்க வாங்க, உங்களைத்தான் நினைச்சேன். ஒருத்தரு வர்றாரு, சென்ட் வாசனை தூக்கும். ரெண்டு கருவிழியிலும் வட்டவட்டமா கீறல். யாரோ உப்புத்தாள் வெச்சுத் தேச்ச மாதிரி. என் சர்வீஸ்ல பார்த்ததே இல்லை."

"எந்த ஓரம் ஆழம் டாக்டர்?"

"இடது. உங்களுக்கு எப்படித் தெரியும்? மூணு தடவை சரிபண்ணிட்டேன். சாயங்காலம் தெளிவாப் பார்க்கிறாரு. விடிஞ்சா பால் ஊத்தின மாதிரி வெள்ளை. ராத்திரி தூக்கத்துல யாரோ நெஞ்சு மேல உட்கார்ந்து கண்ணைத் தேய்க்கிறாங்கன்னு அழுவுறாரு."

நேராக ஷெட்டுக்குப் போய் மச்சானிடம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவை. வயர் சுற்றிக்கொண்டிருந்தவன் கை நின்றது. வயரைக் கீழே வைத்தான்.

"நடந்துச்சு மாமா" என்றான்.

"என்னடா?"

"நீங்க சொன்னது அத்தனையும் நடந்துச்சு. பிளக்கை நான் மாட்டல. சுவிட்சைத் தொடவும் இல்ல."

"அப்புறம் எதுக்குடா ஆறு மாசமா என் மானத்தை வாங்கினே?"

"ஒத்துக்கிட்டா எல்லாத்தையும் சொல்லணுமே மாமா." குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கு நான் வண்டியில ஏறி உட்கார்ந்தேன்ல... கீழ சீட்டு இல்ல. ஈரமா, சில்லுனு, ஒரு ஆளோட மடி இருந்துச்சு."